கேட்காமல் போனவர்கள்

கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவோம். சர்வர் அறைக்குள் போகும்போதும் கழற்றுவோம். கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு இடத்துக்கும் போகிறோம்.

திருச்சியில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் அப்படி ஒரு அறை இருந்தது. சுற்று வட்டார ரத்த வங்கிகளை எல்லாம் ஒரு டிரஸ்ட் ஒன்றாக இணைத்திருந்தது. எந்த வங்கியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்பது அந்த அறையின் சர்வருக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் கம்ப்யூட்டரில் கேட்கலாம். சர்வர் சொல்லும். உயிர் விஷயம் என்பதால் அது எந்நேரமும் விழித்திருக்க வேண்டும்.

அறைக்குப் பொறுப்பாளர் அமலோற்பவம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. வலது முட்டியில் வலி, பேச்சில் சிக்கனம். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் துரைக்கண்ணு. அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. ஒரு டெலிபோன் கம்பெனியில் பழம் தின்று கொட்டை போட்டவர். அங்கே ஆட்குறைப்பு நடந்ததும் இங்கே வந்தார். குருவைவிட சிஷ்யர் மூத்தவர். சுவாமிமலைக் கதை தெரிந்த ஊரில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

மாடியில் சர்வர். கீழ்த்தளத்தில் ஒரு மேசை, ஒரு போன், ரஹமத்நிஷா. சர்வர் வருவதற்கு முன்பு ஆஸ்பத்திரிகள் எல்லாம் அந்த போனுக்குத்தான் கூப்பிடும். ரஹமத்நிஷா ஒவ்வொரு வங்கியாகக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்வார். சர்வர் வந்த பிறகும் மேசையை எடுக்கவில்லை.

இப்போது எடுக்கப்போகிறார்கள். டிரஸ்ட் செயலாளர் ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"சர்வர் எப்பவும் இருக்குன்னு அளந்து எழுத்துல குடுங்க. நாலு ஒன்பது வந்துட்டா போன் மேசை எதுக்கு? ஒண்ணாம் தேதியோட மூடிடலாம்."

நாலு ஒன்பது என்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, பிறகு ஒரு புள்ளி, பிறகு இன்னும் இரண்டு ஒன்பது. ஒரு சர்வர் அந்த அளவுக்குத் தவறாமல் இருந்தால் அதைப் பராமரிப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள்.

மேசை போனால் ரஹமத்நிஷா எங்கே போவார் என்று செயலாளர் சொல்லவில்லை. அந்த போனையே நம்பிக் கூப்பிடுகிறவர்கள் எங்கே போவார்கள் என்றும் சொல்லவில்லை. எண் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் மனதார நம்பினார்.

அளக்கும் வேலை துரைக்கண்ணுவிடம் வந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதலில் அவர் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அது அடிக்கொரு தரம் சர்வரின் கதவைத் தட்டி "இருக்கியா?" என்று கேட்கும். சர்வர் "இருக்கேன்" என்று சொல்லும். இரண்டு வாரத்தில் ஒரு தடவைகூட பதில் வராமல் போகவில்லை.

"நூத்துக்கு நூறு மேடம்" என்றார்.

மதியம் துரைக்கண்ணு டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும் நேரம் பார்த்து அமலோற்பவம் கூப்பிட்டார்.

"துரைக்கண்ணு சார்."

"ம்."

"யு.பி.எஸ். ரூம் சாவி எங்க இருக்கு?"

"ம்ம்."

"செயலாளர் என்னைக்கு வர்றார்?"

துரைக்கண்ணு வாய் நிறையப் புளியோதரையோடு கையை மட்டும் ஆட்டினார்.

"இருக்கீங்க. பதில்தான் வரலை" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் தன் இடத்துக்குப் போனார்.

துரைக்கண்ணு கெட்டிக்காரர். புளியோதரை தீர்வதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. தட்டிப் பார்க்கும் புரோகிராமைத் தூக்கி எறிந்தார். ஆஸ்பத்திரிகள் கேட்கும் உண்மையான கேள்விகளையே எண்ண ஆரம்பித்தார். எத்தனை கேள்வி வந்தது, அதில் எத்தனைக்கு நேரத்தோடு சரியான பதில் போனது. அதுதான் இனிமேல் கணக்கு.

"இப்ப சரியா மேடம்?"

"முன்னைக்கு இது தேவலை."

அமலோற்பவத்தின் வாயிலிருந்து 'தேவலை' வருவது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். துரைக்கண்ணு அன்று வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

புதுக் கணக்கில் ஆரம்பத்தில் கொஞ்சம் இடித்தது. காலையில் எல்லா ரத்த வங்கிகளும் தங்கள் கையிருப்பை ஒரே நேரத்தில் சர்வரில் ஏற்றும். அப்போது சர்வர் திணறும். ஏதாவது ஆஸ்பத்திரி கேட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பதில் வராது. ஆனால் நாளாக ஆக அந்தத் தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. துரைக்கண்ணு ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. தானாகவே குறைந்தன.

"சர்வருக்குப் பழகிடுச்சு மேடம்" என்றார்.

இன்னொரு வேலையும் இருந்தது. சர்வரில் இருப்பதை எல்லாம் தினமும் நகல் எடுத்துவைக்க வேண்டும். அந்த நேரத்தில் சர்வருக்கு மூச்சு வாங்கும். ராத்திரி எடுக்கலாம் என்றால் விபத்துக் கேஸ்கள் அப்போதுதான் அதிகம். எந்த நேரத்தில் எத்தனை கேள்வி வருகிறது என்று காட்டும் வரைபடத்தைத் துரைக்கண்ணு எடுத்துப் பார்த்தார். நாள் முழுக்க மேடாகப் போன கோடு காலையில் மட்டும் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. யாரும் எதுவும் கேட்காத நேரம். நகல் எடுப்பதைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்தார். யாருக்கும் தொந்தரவில்லை. எண் விறுவிறுவென்று ஏறி நாலு ஒன்பதைத் தொட்டது.

எனக்கு இந்த இடத்தில் துரைக்கண்ணு மேல் கோபம் வருவதில்லை. புகார் குறைந்தால் யார்தான் முதுகைத் தட்டிக்கொள்ள மாட்டார்கள்? நானும் தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அமலோற்பவம் அவர் மேசைக்கு வந்து நின்றார். வரைபடத்தின் பள்ளத்தில் விரலை வைத்தார்.

"காலையில மட்டும் ஏன் சார் யாரும் கேக்கறதில்ல?"

துரைக்கண்ணு அறிக்கையில் மூழ்கியிருந்தார். அட்டை நீலமா பச்சையா என்பது அப்போது பெரிய பிரச்சினை.

"ஒரு நிமிஷம் மேடம். இத முடிச்சுட்டு வர்றேன்."

'ஒரு நிமிஷம்' துரைக்கண்ணுவின் வாய்ப்பழக்கம். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவருடைய நிமிஷம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அமலோற்பவம் சிறிது நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அதற்கப்புறம் அந்த வாரம் அவர் துரைக்கண்ணுவிடம் எதுவும் கேட்கவில்லை. துரைக்கண்ணுவுக்கு அதில் பரம சந்தோஷம். மேடம் நம்மை முழுசாக நம்பிவிட்டார், இனி நம்மைக் குடைய வேண்டியதில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு விளங்கவில்லை. யு.பி.எஸ். ரூம் என்பது மாடிக் கோடியில் பேட்டரிகள் இருக்கும் அறை. அதன் சாவி துரைக்கண்ணுவின் டிராயரில் இருந்தது. மாற்றுச் சாவி ஒன்று கீழே ரஹமத்நிஷாவிடம். புதன்கிழமை பேட்டரியைப் பார்க்க வேண்டியிருந்தபோது அமலோற்பவம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வலது காலை இழுத்து வைத்து, கீழே இறங்கிப் போனார். மாற்றுச் சாவியோடு திரும்பி ஏறி வந்தார். மறுநாளும் அப்படியே.

இந்த முட்டி வலியோடு எதுக்கு இறங்குகிறார் என்று துரைக்கண்ணு பரிதாபப்பட்டார். பரிதாபப்பட்டுவிட்டு அறிக்கைக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை தயார். நீல அட்டைதான் ஜெயித்தது. முதல் பக்கத்திலேயே நாலு ஒன்பதும் எலுமிச்சம்பழம் பருமனுக்கு அச்சாகியிருந்தன. கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம். ஒன்று அளந்தவருக்கு, ஒன்று பொறுப்பாளருக்கு.

"நாளைக்கு மத்தியானம் செயலாளர் வர்றார் மேடம். நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சது."

"போடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்கதான் சர்வர்னு வச்சுக்குங்க. நான் ஒரு ஆஸ்பத்திரி."

"சரி மேடம்."

"இந்த வாரம் உங்கள அளந்தா எவ்வளவு வரும்?"

துரைக்கண்ணு சிரித்தார். "நீங்க கேட்டு நான் இல்லன்னு சொன்னதே கிடையாதே. எனக்கும் நூத்துக்கு நூறு போடுங்க."

"செவ்வாக்கிழமை நான் என்ன கேட்டேன்?"

யோசித்தார். "ஒண்ணும் கேக்கலை."

"புதன்கிழமை?"

"அன்னைக்கும் கேக்கலை."

"யு.பி.எஸ். ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என் டிராயர்ல."

"நான் யார்கிட்ட வாங்கினேன்?"

துரைக்கண்ணுவுக்கு அந்த மாடிப்படி கண்முன் வந்தது. படிக்குப் படி இழுத்து வைத்த கால் வந்தது.

"கீழ போய், ரஹமத்தக்காகிட்ட" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"திங்கக்கிழமை உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன் சார். ஒரு நிமிஷம்னீங்க. நின்னு பாத்தேன். அப்புறம் படி இறங்கக் கத்துக்கிட்டேன்."

"என்ன கேட்டீங்க மேடம்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்பது அவருக்கு உறைத்தது. அமலோற்பவம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை.

"நாளைக்குக் காலையில கீழ போய் போன் மேசையில உக்காருங்க. நான் கேட்டது என்னன்னு அங்க யாராவது சொல்வாங்க."

"கையெழுத்து?"

"நீங்க முதல்ல போடுங்க. நீங்க போட்டா நானும் போடறேன்."

சனிக்கிழமை காலை துரைக்கண்ணு போன் மேசைக்குப் போனார். போகும்போது தெம்பாகத்தான் போனார். ராத்திரி பூரா யோசித்து ஒரு பதிலைத் தயார் பண்ணிவைத்திருந்தார். போனில் கூப்பிடுகிறவர்கள் நாலைந்து பழைய ஆட்களாக இருப்பார்கள். கம்ப்யூட்டர் என்றால் பயம். அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி சர்வர் பக்கம் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

"நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்கக்கா. இன்னைக்கு நான் எடுக்கறேன்."

ரஹமத்நிஷா நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். போன் மணி அடித்தது.

"அக்கா, பச்சைமலையில இருந்து செண்பகம் பேசறேன். பி நெகட்டிவ் ஒரு பை வேணும், உடனே. பிரசவ கேஸ்."

"வணக்கம் சிஸ்டர். நான் துரைக்கண்ணு, சர்வர் பிரிவு. இதெல்லாம் நீங்க சர்வர்லயே பாத்துக்கலாமே?"

"காலையில அதுல வராது சார்."

"வருமே. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது..."

"சார், அது யாருக்குமே வராது. இங்க எல்லாருக்கும் தெரியும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்துருவோம். காலையில கம்ப்யூட்டர்ல கேக்காத, போன் பண்ணுன்னு."

"நீங்க புகார் பண்ணவே இல்லையே?"

"வராத பஸ்ஸுக்கு நின்னு புகார் எழுதிக்கிட்டிருப்போமா சார்? நமக்கு ஊர் போய்ச் சேரணும். இங்க ஒரு பொண்ணு படுத்திருக்கு. பி நெகட்டிவ் இருக்கா?"

துரைக்கண்ணு கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் தட்டினார். வட்டம் சுற்றியது. மறுபடி தட்டினார். சுற்றியது. மாடியில் நகல் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை வரைபடம் பார்த்துத் தேடித் தேடி வைத்தவர் அவரேதான்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றார்.

சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சார்" என்றார் செண்பகம். அவர் குரலில் கோபம் இல்லை, அவசரம் மட்டும்தான் இருந்தது. "போன ரஹமத்தக்காகிட்ட குடுத்துருங்க."

கொடுத்தார். ரஹமத்நிஷா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தன் செல்போனில் ஒரு வங்கியைக் கூப்பிட்டார். இல்லை. இன்னொன்றைக் கூப்பிட்டார். அங்கேயும் இல்லை. இன்னொன்று.

"செண்பகம், துறையூர்ல இருக்கும்மா. எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். வண்டிய அனுப்பு, ஓடு."

போனை வைத்தார். உடனே அடுத்த மணி. அடுத்தது பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அதற்கு அடுத்தது ஊருக்குள்ளேயே ஒரு நர்சிங் ஹோம். பழைய ஆட்கள் யாரும் இல்லை. எல்லாம் சுறுசுறுப்பான இளங்குரல்கள். கம்ப்யூட்டருக்குப் பயந்த குரல் ஒன்றுகூட இல்லை. யாரும் சர்வரைக் குறை சொல்லவும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்கிற ஞாபகமே அந்த நேரத்தில் அவர்களுக்கு இல்லை.

துரைக்கண்ணு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாடியில் வரைபடத்தில் கிடந்த பள்ளத்தின் ஆட்கள் எல்லாம் இங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மணிகளுக்கு நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது ரஹமத்நிஷா கேட்டார்.

"ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் இந்த நம்பர் இருக்காதாமே சார்? இவங்ககிட்ட எல்லாம் நான் சொல்லிடட்டுமா, இல்ல நீங்க சொல்லிடுவீங்களா?"

அதில் கேலி ஒன்றும் இல்லை. வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போக நினைக்கும் ஒருவர் கேட்கும் கேள்விதான். அதனாலேயே துரைக்கண்ணுவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாடி ஏறினார். சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போய், திரும்பி வந்து கழற்றிவிட்டுப் போனார். முதல் வேலையாக நகல் எடுப்பதை நிறுத்தினார். பிறகு நீல அட்டையை எடுத்துக்கொண்டு அமலோற்பவத்தின் முன் உட்கார்ந்தார்.

"காலையில மட்டும் ஏன் யாரும் கேக்கறதில்லன்னு கேட்டீங்க."

"ஆமா."

"கேக்கறாங்க மேடம். நம்மகிட்ட இல்ல."

அமலோற்பவம் தலையசைத்தார்.

"ஆரம்பத்துல தவறு குறைஞ்சது சர்வர் பழகினதால இல்ல. அவங்க வர்றத நிறுத்தினதால. யாரும் வராத நேரம்னு பாத்து நகல் எடுக்கறதையும் நான் அங்கயே வச்சேன். அப்புறம் வரணும்னு நெனச்சவங்களும் வர முடியாமப் போச்சு."

"ம்."

"எனக்கு அசிங்கமா இருக்கு மேடம்."

"இருக்கட்டும். ஆனா அதுலயே உக்காந்துடாதீங்க. மத்தியானம் செயலாளர் வர்றார்."

"என்ன எண் எழுதட்டும்?"

"தெரியலைன்னு எழுதுங்க."

"அளக்கத் தெரியாதவங்களா நீங்கன்னு கேப்பாரே?"

"கேப்பார். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

மத்தியானம் செயலாளர் வந்தார். கேட்டார். துரைக்கண்ணு அப்படியே சொன்னார். அதோடு நிற்காமல் அவரைக் கையோடு கீழே கூட்டிக்கொண்டு போய் ரஹமத்நிஷாவின் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, காலையில் வந்த அழைப்புகளை அவர் குறித்துவைத்திருந்த நோட்டைக் கையில் கொடுத்தார். செயலாளர் முணுமுணுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது முணுமுணுப்பு இல்லை. போன் மேசையை மூடும் பேச்சு அன்றோடு போயிற்று.

சாயங்காலம் துரைக்கண்ணு குருவிடம் போய் நின்றார்.

"மேடம், இனிமே சாவி வேணும்னா என்கிட்ட கேளுங்க. உடனே எடுத்துத் தர்றேன்."

"பாக்கலாம்" என்றார் அமலோற்பவம்.

திங்கட்கிழமை பேட்டரி பார்க்க வேண்டியிருந்தபோது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். துரைக்கண்ணு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்தான். அவர் தானாகக் கேட்பது என்பது வேறு.

துரைக்கண்ணு வேலையில் இறங்கினார். நகல் எடுப்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து நாள் முழுக்கப் பரப்பினார். வங்கிகள் கையிருப்பை ஏற்றுவதற்கு ஆளுக்கொரு நேரம் ஒதுக்கினார். பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தானே போன் செய்தார். சர்வர் இப்போது காலையிலும் பதில் சொல்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்று சொன்னார்.

"பாக்கலாம் சார்" என்றார் செண்பகம்.

அந்த 'பாக்கலாம்' துரைக்கண்ணுவுக்கு ஏற்கெனவே அறிமுகமானதுதான். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. வாரா வாரம் ஒரு நாள் காலையில் கீழே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். போன் அடிக்க அடிக்க, அடிக்கும் ஒவ்வொன்றும் மாடிக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி என்று நினைத்துக்கொண்டார். ஐப்பசி மழை வந்து போயிற்று. கார்த்திகையில் மணி கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. ரஹமத்நிஷாவுக்கு டீ குடிக்க நேரம் கிடைத்தது.

பொங்கல் கழிந்து ஒரு காலை, துரைக்கண்ணு கையில் டீயோடு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அமலோற்பவத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எண் இறங்கிடுச்சு மேடம். மூணு ஒன்பதுகூடத் தேறாது."

"எந்த நேரத்துல?"

"காலையிலதான். அந்தப் பள்ளம் இருந்த இடம் இப்ப மேடாயிடுச்சு. அத்தனை பேரும் ஒரே நேரத்துல கேக்கறாங்க. சர்வர் தாங்கல. இன்னும் ஒரு மெஷின் சேக்கணும்."

"சேக்கலாம்."

"அது மட்டுமில்ல. பச்சைமலை செண்பகம் சிஸ்டர் போன் பண்ணினாங்க. ரஹமத்தக்காவக் கேக்கல, நேரா என்னக் கூப்பிட்டாங்க. சர்வர்னு ஒண்ணு வச்சுக்கிட்டு என்னதான் பண்றீங்க, ரெண்டு தடவ கேட்டும் வரலயேன்னு கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க."

அமலோற்பவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் துரைக்கண்ணு அதுவரை பார்த்ததில்லை.

"அந்த சிஸ்டர் நம்மளத் திட்டி எவ்வளவு நாளாச்சு சார்!"

துரைக்கண்ணு டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நின்றார். தொங்கிய முகம் மெல்ல நிமிர்ந்தது.

அமலோற்பவம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படிக்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்தவர் நின்று திரும்பினார்.

"துரைக்கண்ணு சார், யு.பி.எஸ். ரூம் சாவி எங்க இருக்கு?"

"ஒரு..." என்று ஆரம்பித்த வாயை மூடிக்கொண்டு, டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு, துரைக்கண்ணு எழுந்தார்.